அவ இருந்தா வண்டி நிக்குதுங்க

கொஞ்சம் காலை நகட்டிக்குங்க தம்பி. அந்த மூட்ட மேல செருப்புக் கால் படக்கூடாது. சாமி சாமான். உள்ள என்ன இருக்குதுன்னு எனக்கும் தெரியாது, பிரிக்கக் கூடாதுன்னு உத்தரவு. மேல வெக்கலாம்னு பாத்தேன், கல்லுக் கனம் கனக்குது. எவன் மண்டைலயாச்சும் விழுந்து வெச்சா அது வேற பாவம். அதான் காலடிலயே வெச்சிருக்கேன்.

என் கை உங்க தொடையில பட்டாத் தப்பா நெனைக்காதீங்க. டிரைவர் கியர் மாத்துறப்ப எல்லாம் என் இடது கையும் கூடவே போகுது. இருபத்திரெண்டு வருசமா ஸ்டீரிங் புடிச்சவன் பஸ்சுல உக்காந்தா கையை எங்க வெக்கிறதுன்னே தெரியறதில்ல. பேரு குழந்தைவேலு. சங்ககிரிப் பக்கம். சொந்த லாரி, ஆறு சக்கரம், நானே முதலாளி, நானே டிரைவர். இப்ப எம் பொண்டாட்டியக் கூட்டியாரப் போறேன். மூனு மாசமா அப்பன் வீட்ல இருக்கா.

நான் சும்மாச் சும்மாச் சிரிக்கறதப் பாத்து என்னமோ ஏதோன்னு நெனைக்காதீங்க. குடிக்கறதில்ல. ஏழு நாளா இப்படித்தான். போன வெள்ளிக்கெழம காலைல பத்து மணிக்கு நான் செத்துப் போயிருக்கணும். சாகல. அதுலருந்து எதப் பாத்தாலும் சிரிப்பா வருது. டீக் கிளாசப் பாத்தாச் சிரிப்பு, கண்டக்டர் விசில் ஊதுனாச் சிரிப்பு. காலைல பல்லு வெளக்கறப்ப கண்ணாடில என் மூஞ்சியப் பாத்துட்டு, அட இன்னும் இங்கதான் இருக்கியான்னு சிரிச்சு, பேஸ்ட்டு பூராவும் சட்டையில.

இந்த பஸ்சு கத்துது கேட்டீங்களா, பிரேக் புடிக்கறப்ப? என் வண்டி கத்துனது இதவிட இனிமையா இருக்கும். அதுக்குத்தான் வர்றேன்.

தம்பி, நான் பிரேக்க நம்பி வண்டி ஓட்டுறவன் இல்ல. அதை மொதல்லயே சொல்லிப்புடறேன். எங்கப்பா முப்பது வருசம் லாரி ஓட்டுனாரு. ஒரு நாள், ஒரே ஒரு நாள் சக்கரத்தக் கழட்டி பிரேக் ட்ரம்முக்குள்ள என்ன இருக்குதுன்னு பாத்ததில்ல. சாமியக் கும்பிட்டு வண்டிய எடுத்தா, நிறுத்தறது சாமி பாடுன்னு சொல்லுவாரு. கடைசில அவரு வண்டி ஒரு கெணத்துக்குள்ள நின்னுச்சு. ஆனா அது வேற கத.

எம் பொண்டாட்டி சாரதாமணி. அவங்கப்பன் இருக்கறாரே, அவரு என்ன தொழில்னு நெனைக்கறீங்க? பிரேக் பட்டறை. ஊரு வண்டிக்கெல்லாம், சக்கரத்தப் புடிச்சு நிறுத்தற லைனிங் பட்டைய அடிச்சுக் குடுக்கற பட்டறை. நான் பொண்ணு பாக்கப் போனப்ப, காப்பி கொண்டாந்து நீட்டுனா. விரல் நுனியெல்லாம் கறுப்பு. நான் மைன்னு நெனச்சேன். கண்ணுக்கு மை வெச்ச கையோட ஓடி வந்திருக்கா பாரு, என்ன வெக்கம், என்ன அவசரம்னு எனக்கு ஒரே சந்தோசம். அன்னிக்கே சரின்னுட்டேன்.

கலியாணமாயி மொத மாசம். நான் லோடு எறக்கிட்டு வந்து சாப்பிட உக்காந்தேன். பருப்ப ஊத்திட்டு மெதுவா ஆரம்பிச்சா. "ஏனுங்க, வண்டி நிக்கறப்ப சத்தம் வேறயா வருது. லைனிங் தேஞ்சிருக்கும். மாசத்துக்கு ஒருக்கா அட்ஜஸ்ட் பண்ணோணும், சக்கரம் எல்லாத்தையும் கழட்டிப் பாக்கோணும். நாளும் காலைல காத்து டேங்குத் தண்ணிய உட்டுறோணும். எங்கப்பாகிட்டச் சொன்னா..." அப்படின்னா. நான் சோத்துல கைய எடுத்துட்டேன். "உங்கப்பன் பட்டறைக்கு ஆள் புடிக்கத்தான் உன்னை எனக்குக் கட்டி வெச்சாரா? இன்னொருக்கா எங்கிட்ட பிரேக்குன்னு வாயத் தொறக்காத. பொம்பள வண்டியத் தொட்டா வண்டிக்கு ஆகாது"ன்னு ஒரு சத்தம் போட்டேன் பாருங்க. அன்னிக்கு மூடுன வாய் தம்பி. பதிமூனு வருசம் பிரேக்கப் பத்தி ஒரு பேச்சுப் பேசல. அடங்கிட்டா. பொண்டாட்டிய ஆரம்பத்துலயே ஒரு வார்த்தைல நிறுத்திப்புடோணும்னு நான் எல்லா டிரைவருக்கும் சொல்றது.

அப்புறம் அவளுக்கு ஒரு பக்தி வந்துச்சு. பக்தின்னா அப்படியொரு பக்தி.

எங்க பக்கம் லாரிக்காரனுக்கு அமாவாசைதான் நாள். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். எவ்வளவு அவசர லோடா இருந்தாலும் அமாவாசைக்கு வண்டி வீட்ல நிக்கோணும். கழுவி, பொட்டு வெச்சு, மாலை போட்டு, சக்கரத்துக்கு ஒரு எலுமிச்சம்பழம் வெச்சு, தேங்கா ஒடைச்சு, சூடம் காட்டிப்புட்டா அந்த மாசத்துப் பொறுப்பு சாமியோடது. அப்புறம் சாப்பாடு. வடை, பாயாசம், ரெண்டு பொரியல், அப்பளம். அவ அமாவாசைக்குன்னு ஆக்கிப் போடறத ஒரு நாள் தின்னு பாக்கோணும் நீங்க. இன்னொரு வடை, இன்னொரு வடைன்னு வெச்சுக்கிட்டே இருப்பா. வேண்டாம்னு இலைய மறைச்சாலும் வெரலுக்கு நடுவுல வெப்பா. ஒரு மணிக்குச் சாஞ்சன்னா அஞ்சு மணிக்குத்தான் கண்ணு தொறக்கும். அப்படியொரு தூக்கம் மத்த நாள்ல வராது. தூக்கத்துல டொங்கு டொங்குன்னு கோயில் மணி வேற கேக்கும். ஒவ்வொரு அமாவாசைக்கும் கேக்கும். எத்தன பேருக்கு அந்தக் குடுப்பினை இருக்கும் சொல்லுங்க.

எந்திரிச்சு வந்தா, சக்கரத்துக்கு முன்னால பின்னால பெரிய பெரிய கல்லா வெச்சிருப்பா. என்ன கல்லுடின்னா, சாமிக் கல்லும்பா. காலைல தலைக்குக் குளிச்சவ சாயங்காலம் மறுபடியும் ஒருக்கா தலைக்குக் குளிச்சிருப்பா. எந்தப் பொம்பள ஒரே நாள்ல ரெண்டு தடவ தலைக்குக் குளிக்கறா? அதுல இன்னொரு அதிசயம் சொல்றேன் கேளுங்க. ஒவ்வொரு அமாவாசைக்கும் ஏதாவது ஒரு சக்கரத்தோட நட்டு மட்டும் பளபளன்னு இருக்கும். இந்த மாசம் முன் சக்கரம்னா அடுத்த மாசம் பின் சக்கரம். முனியப்பன் அந்த மாசத்துக்கு அந்தச் சக்கரத்துல வந்து உக்காந்திருக்கறாருன்னு நான் கண்டுபுடிச்சேன். அவகிட்டச் சொன்னப்ப, ஆமாங்க, முறை வெச்சு வர்றாருன்னா. அவளுக்கும் தெரிஞ்சிருக்குது பாருங்க.

பாம்பு கத சொன்னனா? சொல்லல. வண்டி வீட்ல நிக்கற நாள்ல, காலைல நான் காப்பி குடிக்கறப்ப வண்டிக்கு அடில இருந்து புஸ்ஸுன்னு ஒரு சத்தம் வரும். நீளமா வரும். அவ அங்கதான் கோலம் போட்டுக்கிட்டு இருப்பா. என்னடி அதுன்னேன். "பாம்புங்க. நல்லது. ஒன்னும் பண்ணாது, நீங்க கிட்ட வராதீங்க"ன்னா. வண்டியக் காவக் காக்க வந்திருக்குதுன்னு புரிஞ்சுக்கிட்டேன். அதுக்கு ஒரு கிண்ணம் பால் வெக்கச் சொல்லி, பதிமூனு வருசமா வெக்கறோம். பூனை குண்டாயிருச்சு.

ஒரே ஒரு குறை. சென்னியப்பன்னு ஒரு மெக்கானிக். மாமனார் பட்டறையில தொழில் பழகுனவன், எங்க ஊர்ல கடை போட்டிருக்கான். ஒவ்வொரு அமாவாசைக்கும் பன்னண்டரைக்கு டாண்ணு வந்து எலை முன்னால உக்காந்துக்குவான். அண்ணா அண்ணான்னு அவளும் வடைய வெப்பா. நான் படுக்கப் போறப்ப இருப்பான், எந்திரிக்கறப்ப இருப்பான். மூஞ்சியெல்லாம் கறுப்பு அப்பிக்கிட்டு. ஏன்டா, அமாவாசைக்கு ஒரு நாளாச்சும் குளிச்சுட்டு வரமாட்டியான்னு கேட்டிருக்கேன். சிரிப்பான். அத்தோட மாமனார் வீட்ல இருந்து அப்பப்ப ஒரு சாக்குப் பை குடுத்து உடுவாரு, அத வேற இவன்தான் தூக்கியாருவான். என்ன அதுன்னா புண்ணாக்குன்னு சொல்லுவா. எங்க வீட்ல மாடு கெடையாது. சரி, பொம்பளைக சமாச்சாரம், நமக்கெதுக்குன்னு கேக்காம உட்டுட்டேன்.

நடுவுல ரெண்டு வருசத்துக்கு முன்னால, என்னோட காக்கிச் சட்டை ஒன்னு காணாமப் போச்சு. ராசியான சட்டை. இந்த வருசம் ஆடி அமாவாசை அன்னிக்கு, எந்திரிச்சு வாசலுக்கு வர்றேன், சென்னியப்பன் கைல ஒரு காக்கித் துணியச் சுருட்டி வெச்சிருந்தான். என்னைப் பாத்ததும் முதுகுக்குப் பின்னால மறைச்சான். கண்ணால பாத்தேன் தம்பி. அன்னிக்குப் போட்டேன் பாருங்க ஒரு போடு. தின்ன வீட்லயே திருடுவியா, இனி இந்த வாசப்படி மிதிச்சேன்னாக் காலு இருக்காதுன்னுட்டேன். அவன் அவளப் பாத்தான். அவ தலைய ஆட்டுனா, சொல்லாதேங்கற மாதிரி. துணிய அவ கைல குடுத்துட்டுப் போயிட்டான். தொவைச்சுத் தர்றேன்னு உள்ள எடுத்துட்டுப் போனா, அப்புறம் அத நான் பாக்கவே இல்ல.

அவ கேட்டா, "அந்தண்ணன மறுபடிச் சோத்துக்குக் கூப்புடுவீங்களா மாட்டீங்களா?" மாட்டேன்னேன். "அப்ப ஒன்னு பண்ணுங்க. மாசா மாசம் வண்டியப் பட்டறைல உடுங்க. எங்கப்பா பட்டறைல வேண்டாம், எதோ ஒரு பட்டறைல"ன்னா. பதிமூனு வருசம் கழிச்சு அந்தப் பேச்ச மறுபடி எடுக்கறா. எனக்கு வந்த கோவத்துல, உனக்கு நான் பெருசா பட்டறை பெருசான்னு கேட்டுப்புட்டேன். அடுத்த நாள் காலைல டிபன் செஞ்சு மூடி வெச்சுட்டு, பைய எடுத்துக்கிட்டு பஸ் ஏறிட்டா. வாசல்ல திரும்பி என்னப் பாத்துச் சொல்லல, வண்டியப் பாத்துச் சொன்னா, "மெதுவாப் போ"ன்னு.

சரி போனா போறா. நாலு நாள்ல வந்துருவான்னு இருந்தேன். வரல. ஆவணி அமாவாசைக்கு ஓட்டல்ல வடை வாங்கி வெச்சுப் படைச்சேன். படுத்தாத் தூக்கம் வரல. மணிச் சத்தமும் கேக்கல. அந்தப் பாம்பும் அவ போன அன்னிக்கே போயிருச்சு.

வண்டி மட்டும் நல்லா மாறிருச்சு தம்பி. பிரேக் பெடல் மொதல்ல கட்டையா இருக்கும். ஆவணி கடைசில மெத்துன்னு ஆச்சு, காலுக்கு அவ்வளவு எதம். அட, வயசானா வண்டிக்கும் பணிவு வருதுன்னு நெனச்சேன். புரட்டாசில கத்த ஆரம்பிச்சுது. கிளி கத்தற மாதிரி. அரை மைலுக்கு முன்னாலயே ஆடு மாடெல்லாம் ஒதுங்கிருது, ஆரனே தேவையில்ல. ஐப்பசில இடது பக்கம் இழுக்க ஆரம்பிச்சுது. எங்க பிரேக் அடிச்சாலும் இடது பக்கம். நானும் யோசிச்சுப் பாத்தேன். எங்க ஊர்ல இருந்து மாமனார் ஊரு எந்தப் பக்கம்? இடது பக்கம். வண்டி அவளத் தேடுதுங்க. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. அப்பவும் போய்க் கூட்டியாந்தனா? இல்ல. வண்டிக்கு இருக்கற ரோசம் எனக்கு இருக்கக் கூடாதான்னு இருந்துட்டேன்.

எலுமிச்சம்பழத்தக் கூட்டுனேன். சக்கரத்துக்கு ஒன்னு வெச்சவன் மூனு வெச்சேன். ஒத்தப்பனைக் கணவாய் உச்சில முனியப்பன் கோயில் இருக்குது. நம்ம லைன்ல போறவன் எல்லாரும் எறங்கிக் கும்பிட்டுட்டுத்தான் எறக்கத்துல எறங்குவான். அங்க நூத்தியெட்டுப் பழம் மாலையாக் கட்டிக் கொண்டு போனேன். பூசாரி என்ன சொன்னாரு தெரியுமா? மாலைய வாங்கிக்கிட்டு, வண்டியச் சுத்தி வந்து மோந்து பாத்துட்டு, "பழம் போதும் குழந்தைவேலு. சக்கரத்தக் கழட்டிப் பாரு"ன்னாரு. ஒரு பூசாரிக்கே நம்பிக்க இப்படிக் கொறஞ்சு போனா ஊர் என்னத்துக்கு ஆகும்னு வருத்தமா இருந்துச்சு.

இப்ப வெள்ளிக்கெழமைக்கு வர்றேன்.

மலை மேல இருந்து முட்டைக்கோசு லோடு. கோயில்ல நிறுத்துனேன். நிறுத்துனேன்னு சும்மா மரியாதைக்குச் சொல்றேன். கோயிலத் தாண்டி அம்பது அடி போயித்தான் நின்னுச்சு. திரும்ப நடந்து வந்து கும்பிட்டேன். சூடம் அணைஞ்சுருச்சு, காத்துன்னு நெனச்சு மறுபடி பத்த வெச்சேன். வண்டிய எடுத்தேன்.

எறக்கத்துல பதினோரு வளைவு. மூனாவதுல பிரேக் மிதிச்சேன், கேட்டுச்சு. அஞ்சாவதுல மிதிச்சேன், யோசிச்சுச்சு. ஏழாவதுல ஒரு கருகல் வாசம். யாரோ வடைய தீய உட்டுட்டாங்கன்னு நெனச்சேன். அந்தக் காட்டுக்குள்ள எவன் வடை சுடுவான்னு அப்புறம்தான் உறைச்சுது. ஒம்பதாவதுல மிதிச்சேன். பெடல் நேராப் போயிப் பலகையத் தொட்டுச்சு. வண்டிக்கு அதப் பத்தி ஒரு தகவலும் போகல.

கியரக் கொறைக்கலாம்னு கைய வெச்சேன், பல்லக் கடிச்சுக்கிட்டு நியூட்ரல்ல வந்து உக்காந்துருச்சு. அம்புட்டுத்தான். ஏன் தம்பி சிரிக்கறீங்க, சிரிங்க சிரிங்க, எனக்கும் வருது. ஹேண்ட் பிரேக்க இழுத்தா கையோட வருது. மலைச் செவுத்துல ஒட்டி ஒரசுனேன். இடது பக்கக் கண்ணாடி போச்சு, படி போச்சு, என்னென்னமோ போச்சு. பத்தாவது வளைவத் திரும்பறப்ப கவுறு அறுந்து மூட்ட பிரிஞ்சுருச்சு. தடதடன்னு முட்டைக்கோசு. நான் அறுவதுல போறேன், எனக்குப் பக்கத்துல ஒரு முட்டைக்கோசு உருண்டு வருது. நான் அதப் பாக்கறேன். அது எனக்கு முந்தி ஓவர்டேக் பண்ணிப் போகுது. இருபத்திரெண்டு வருசத்துல அந்தக் கணவாயில என்னை யாரும் ஓவர்டேக் பண்ணுனதில்ல. அந்த நேரத்துலயும் எனக்கு ரோசம் வந்துச்சு பாருங்க.

முனியப்பான்னு கத்தோணும்னு வாயத் தொறந்தேன். வந்தது சாரதான்னு வந்துச்சு. கடைசி வளைவு தாண்டி நேர் எறக்கம். கீழ ஒரு டீக்கடை, பஸ் ஸ்டாப்பு. ஆள் நிக்கறாங்க. ஆரன அமுக்கிக்கிட்டே வர்றேன், எல்லாரும் ஓடறாங்க. ஒரு பெரியவர் மட்டும் டீயக் குடிச்சுக்கிட்டே காலை மட்டும் உள்ள இழுத்துக்கிட்டாரு.

அங்க ஒரு குழந்த நின்னுச்சு. மஞ்ச கவுனு. ஓடாம என் வண்டியவே பாத்துக்கிட்டு நின்னுச்சு. அதுங்கம்மா இழுத்துருச்சு. அதுக்கு ஒன்னும் ஆவலீங்க, ஒரு கீறல் இல்ல. அதப் பத்தி அதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியல. அது மட்டும்தான் சிரிப்பு வராத எடம்.

டீக்கடைக்கு அந்தப் பக்கம் ரோட்டுல இருந்து ஒரு சரிவு, அதுக்குக் கீழ நெல்லு வயல். சேறடிச்சு நாத்து நட்டுக்கிட்டு இருந்தாங்க. ஆரன் கேட்டு அவுங்க வரப்புக்கு ஏறிட்டாங்க. நான் திருப்புனேன். சேறு தம்பி, சேறு. முன்னால பாத்தாச் சேறு, பக்கத்துல பாத்தாச் சேறு. அப்படியே மெத்தைல சாஞ்ச மாதிரி வண்டி அமுங்கி அமுங்கி நின்னுச்சு. ஒரு சத்தம் இல்ல. ஒரு தவளை கத்துது. அப்புறம் கூரை மேல டொம்மு டொம்முன்னு மீதி முட்டைக்கோசு விழுது. நான் ஸ்டீரிங்கப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். அந்த நாத்து நடற அம்மா ஒன்னு சேத்துல நடந்து வந்து ஜன்னல்ல எட்டிப் பாத்துச்சு. "உசுரு இருக்குதுங்களா?"ன்னு கேட்டுச்சு. இருக்குதுன்னேன். "சரி, பாதி உழுதுட்டீங்க, அப்படியே அந்த மூலைக்கும் ஒரு சால் ஓட்டிட்டுப் போயிருங்க"ன்னுச்சு. அப்ப ஆரம்பிச்சதுதான் இந்தச் சிரிப்பு.

சேத்துல நின்னுக்கிட்டே அவளுக்குப் போன் போட்டேன். மூனு மாசத்துல மொதத் தடவ. எல்லாத்தையும் சொன்னேன். சிரிச்சுக்கிட்டே சொன்னேன். முட்டைக்கோசு ஓவர்டேக் பண்ணுனதச் சொன்னேன். அவ சிரிக்கல. அப்புறம் கேட்டா, "பிரேக் அடிச்சப்ப எந்தப் பக்கம் இழுத்துச்சு?" பாருங்க, புருசன் செத்துப் பொழச்சிருக்கான், அடிபட்டுச்சான்னு கேக்கல. இடது பக்கம்னேன். எத்தன நாளான்னா. ஒரு மாசமான்னேன். அழுக ஆரம்பிச்சுட்டா. தேம்பித் தேம்பி அழுகறா. அவ ஊர்ப் பக்கம் வண்டி இழுத்துச்சுன்னதும் அவளுக்குத் தாங்கல. பாசம். நான் வெளிய காட்டிக்காட்டியும் எனக்கு அப்பவே புரிஞ்சு போச்சு. அவ வீட்ல இருக்கற வரைக்கும் வண்டிக்கு ஒன்னும் ஆனதில்ல. அவ போனா, சாமியும் போயிருச்சு. அவ இருந்தா வண்டி நிக்குதுங்க. எங்க கேட்டாலும் சொல்லுவேன், கோயில் கட்டிக் கும்பிடலாம் அவள.

நீ வந்துருன்னேன். "வர்றேன். அடுத்த அமாவாசைக்குள்ள வந்து கூட்டிக்கிட்டுப் போங்க. அதுவரைக்கும் யாரும் வண்டியத் தொடக் கூடாது. சென்னியண்ணனச் சோத்துக்குக் கூப்புடுங்க. அப்புறம் பூசை மாடத்துக்குக் கீழ, அரிசி ட்ரம்முக்குப் பின்னால ஒரு மூட்ட இருக்குது. பிரிக்காம எடுத்துக்கிட்டு வாங்க"ன்னா. சென்னியப்பனுக்கு ஒரு வாய் சோறுதான, போனாப் போகுதுன்னு சரின்னுட்டேன். திருடுனாலும் மன்னிச்சுட்டேன். செத்துப் பொழச்சவனுக்கு மனசு பெருசாயிருது தம்பி.

அய்யோ, புடிங்க புடிங்க. இந்த டிரைவர் வேகத்தடைய மேல ஏறுனதுக்கப்புறம்தான் பாக்கறான். உருண்டுருச்சு பாருங்க. முடிச்சும் அவுந்துருச்சு. நான் பிரிக்கல. அதுவா அவுந்துச்சு, நீங்க சாட்சி.

அட, ஸ்பேனர். பொட்டு வெச்சிருக்கா பாருங்க, நான் சொல்லல, பூசை சாமான்னு? டார்ச் லைட்டு. இது எங்க வீட்டு டார்ச்சு, தேடிக்கிட்டே இருந்தேன். சுத்தியல். சுத்தியல் எதுக்கு சாமிக்கு? இது என்ன, லைனிங் துண்டு. தேஞ்சு போனது. ஒன்னு, ரெண்டு, இங்க இன்னும் கெடக்குது. எல்லாத்துலயும் பெயிண்டுல என்னமோ எழுதிருக்குது. கண்ணாடி எடுத்தாரல, கொஞ்சம் படிங்க தம்பி. பின் சக்கரம் வலது, தை அமாவாசை. இது? முன் சக்கரம் இடது, பங்குனி அமாவாசை. ஆமா, அந்த மாசம் முன் சக்கரத்துலதான் முனியப்பன் வந்து...

இந்தத் துணியக் கொஞ்சம் புடிங்க.

இது என் சட்டைங்க. காக்கி. பாக்கெட்டுல நான் பீடிச் சூடு வெச்ச ஓட்டை இருக்குது பாருங்க. விரிங்க. ரெண்டு முழங்கைக்கும் ஒட்டுப் போட்டிருக்கா. முதுகு பூரா கிரீஸ். முதுகுலங்க தம்பி. கை தொடச்ச கறை இல்ல இது. வண்டிக்கு அடில மல்லாக்கப் படுத்தாத்தான் அங்க படும். காலர்ல ஒரு முடி. நீளமா.

அப்ப சென்னியப்பன் எடுக்கல.

அந்தக் கோயில் மணி... சுத்தியலுங்களா? அத்தன வடையும் அதுக்குத்தானா. ரெண்டு தடவ தலைக்குக் குளிச்சது. அப்ப அந்தப் பாம்பு... காத்து டேங்குத் தண்ணிய உட்ட சத்தமுங்களா? நீங்க பாம்புன்னு சொன்னப்பவே கண்டுபுடிச்சிட்டீங்களா தம்பி? மூஞ்சியப் பாத்தாத் தெரியுது. அப்பவே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. இல்ல, சொன்னா நான் கேட்டிருப்பனா.

பதிமூனு வருசம். என்னைத் தூங்க வெச்சுட்டு. நான் வாசல்ல வந்து நின்னு முனியப்பா உன் கிருபைன்னு கும்பிடறப்ப எல்லாம் அவ பக்கத்துலதான் நின்னா. அவளும் கும்பிட்டா தம்பி, கையெடுத்து. ஒரு நாள் சிரிச்சதில்ல.

பாருங்க, எனக்கும் சிரிப்பு நின்னு போச்சு. ஏழு நாளைக்கப்புறம்.

ஸ்டாப்பு வந்துருச்சு. அந்தப் புளியமரத்துக்கிட்ட. அவதான், பச்சச் சேலை. அது போன தீவாளிக்கு நான் எடுத்துக் குடுத்தது. கண்டக்டர் விசில் குடுத்துட்டான். கத்துது கேட்டீங்களா? நிக்கல. தாண்டுது. மரத்தத் தாண்டிருச்சு. இன்னும் நிக்கல. இப்பத்தான் நிக்குது. எம்பது அடி இருக்கும்.

நடந்து வர்றா. இந்தப் பக்கமாத்தான் சுத்தி வர்றா. என்னைப் பாத்துட்டா. நான் என்னன்னு பேசறது தம்பி? என்ன மூஞ்சிய வெச்சுக்கறது? பாத்துட்டு, அட, என்னத் தாண்டிப் போறா. டிரைவர்கிட்டப் போறா. கேக்குதா, என்ன கேக்கறான்னு? "அண்ணா, பிரேக் புடிச்சா எந்தப் பக்கம் இழுக்குது?" அவன் சிரிக்கறான். சாமி பாத்துக்கும்மாங்கறான். நானும் இப்படியேதான் சிரிச்சிருப்பேன். அவ சக்கரத்துக்கிட்ட வந்துட்டா. முந்தானைய இடுப்புல சொருகறா. குனியறா.

அந்தச் சட்டைய இங்க குடுங்க தம்பி, சீக்கிரம். அடில போயிருவா. கட்டியிருக்கறது நல்ல சேலை.